மழலையர் வகுப்பும் ‘நமக்கு’ என்னும் சொல்லும்

ஐந்து வயதுக் குழந்தைக்குச் சமூகவியல் என்று ஒரு பாடம் தேவைதானா என்று கேட்போர் உளர். எழுத்தும் எண்ணும் அறியுமுன் சமூகத்தை எங்ஙனம் அறியும் என்பது அவர்தம் ஐயம். ஆயின் எழுத்தை அறியுமுன்னரே குழந்தை அறிந்துவிடுவது சமூகத்தைத்தான் என்பது நம் துணிபு. வீட்டுக் கூடம்வரை வரத் தக்கவர் யார், வாசலோடு நிற்க வேண்டியவர் யார், ‘வாங்க’ என்று அழைக்கப்படுபவர் யார், வயதில் மூத்தவராயினும் ‘வா’ என்று அழைக்கப்படுபவர் யார் என்பன யாவும் மூன்று வயதிலேயே அதன் உள்ளத்தில் படிந்துவிடுகின்றன. பள்ளி செய்யக் கூடியது, படிந்ததை மேலும் அழுத்துவது அல்லது சற்றே அசைத்துப் பார்ப்பது. இவ்விரண்டில் எதைச் செய்கிறது என்பதே கேள்வி.

இதனை ஆள்வோர் நன்கு உணர்ந்திருந்தனர். ஃபுரோபெல் என்னும் செருமானிய அறிஞர் தம் பள்ளிக்கு 1840இல் ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பொருள்படும் கிண்டர்கார்டன் என்னும் பெயரைச் சூட்டினார். பாட்டும், பந்தும், மரக்கட்டைகளும் வைத்து விளையாடிய அப்பள்ளிகளை 1851இல் பிரஷ்ய அரசு தடை செய்தது. தடை நீங்க 1860வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மரக்கட்டையைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது என்றால், அஞ்சியது மரக்கட்டைக்கு அன்று என்பது வெளிப்படை.

நம் சமூகத்தாருள் பலருடைய பேரக் குழந்தைகள் இன்று அமெரிக்காவில் படிக்கின்றனர். அங்கே கிண்டர்கார்டன் வகுப்பிலேயே சமூகவியல் தனிப் பாடமாக இடம்பெறுகிறது. எடுத்துக்காட்டாகக் கலிபோர்னியா மாநிலம் 1998இல் ஏற்றுக்கொண்ட பாட வரைவைப் பார்ப்போம். விதிகளைப் பின்பற்றுதல், பகிர்ந்துகொள்ளுதல், தன் முறைக்குக் காத்திருத்தல் ஆகியவை முதலில் வருகின்றன. பின்னர்க் கொடி, கழுகு, சுதந்திர தேவி சிலை போன்ற நாட்டுச் சின்னங்கள். அதன்பின் பள்ளியிலும் ஊரிலும் மக்கள் செய்யும் தொழில்கள். அருகு, தொலைவு, இடம், வலம் என்னும் திசையறிவும் எளிய நிலப்படமும். நாள், கிழமை, மாதம் என்னும் கால வரிசை. இறுதியில் முன்னாளில் வாழ்ந்த மக்களைப் பற்றிய கதைகள். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் ‘தேவை எது, விருப்பம் எது’ என்று பிரித்தறியும் பாடமும் உண்டு.

நம் ஊர் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளிலும் அங்கன்வாடிகளிலும் இப்பெயரில் பாடம் இல்லை. எனினும் சுவரைப் பாருங்கள். ‘என் குடும்பம்’, ‘நமக்கு உதவுவோர்’, ‘பயன் தரும் விலங்குகள்’ என்று படங்கள் தொங்குகின்றன. பெயர்தான் வேறு, பொருள் அதுவே.

தேவை, விருப்பம் என்னும் பாடத்தைப் பற்றி நீட்டிப் பேச விழையவில்லை. இரு கட்டம் போட்டு, வீட்டின் படத்தைத் தேவையிலும் பொம்மையின் படத்தை விருப்பத்திலும் ஒட்டச் சொல்கின்றனர். மிகுபொருள் விரும்பாமையை விரதமாகக் கொண்ட நமக்கு இஃது உவப்பாகத் தோன்றலாம். ஆயினும் நம் பரிக்கிரக பரிமாணம் என்பது ஒருவர் தம் உடைமைக்குத் தாமே எல்லை வகுத்துக்கொள்வது. மூன்றாவது வீட்டு மனைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்த தந்தை, குழந்தையின் ஒற்றைப் பொம்மையை ‘விருப்பம்’ என்று ஒதுக்கச் சொல்லித் தருவது விரதமாகாது. அவ்வளவே.

நிற்க. இப்பாடங்களின் வரிசை முறை ஒன்று உண்டு. நான், என் வீடு, என் பள்ளி, என் தெரு, என் ஊர், என் மாநிலம், என் நாடு, உலகம் என்று குளத்தில் எறிந்த கல்லின் அலைபோல வட்டம் விரிந்துகொண்டே போகும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பால் ஹன்னா என்பார் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்முறையை விளக்கிப் பரப்பினார். அருகில் இருப்பதே குழந்தைக்கு எளிது, தொலைவில் இருப்பது அரிது என்பது இதன் அடிப்படை.

இதனை மறுத்தோரும் உண்டு. கீரன் ஈகன் என்னும் கல்வியாளர், குழந்தைகள் அருகில் காணாத அரக்கனையும் சூனியக்காரியையும் எவ்வாறு அத்துணை எளிதாகப் புரிந்துகொள்கின்றனர் என்று வினவினார். நன்மை, தீமை, அச்சம், துணிவு, நீதி, வஞ்சகம் என்பவற்றை அறிந்திருப்பதனாலன்றோ கதை விளங்குகிறது? இஃது உண்மையே. சீவகன் பிறந்த கதையை நம் பாட்டியர் எத்தனை வயதுப் பிள்ளைக்குச் சொன்னார்கள்? கட்டியங்காரன் செய்த துரோகமும், விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பியதும், சுடுகாட்டில் தனியே மகவீன்றதும் கேட்டுக் கண் கலங்காத ஐந்து வயதுக் குழந்தையை நாம் கண்டதில்லை. அக்குழந்தை அரசனையும் கண்டதில்லை, அமைச்சனையும் கண்டதில்லை.

ஆகவே அருகிலிருந்து தொடங்குவதா தொலைவிலிருந்து தொடங்குவதா என்பது ஆசிரியரின் வசதியைப் பொறுத்தது. நம் கவலை வேறு. வட்டத்தின் நடுவில் ‘நான்’ நிற்பதில் குற்றமில்லை. தன்னை அறியாமல் பிறிதோர் உயிரின் துன்பத்தை அறிதல் இயலாது என்றுதான் நம் ஆசிரியர்களும் உரைத்தனர். ஆனால் நடுவில் நிற்கும் ‘நான்’ எதற்காக நிற்கிறேன்? சுற்றியுள்ளோரைப் பார்ப்பதற்கா, அவர்களைப் பயன்கொள்வதற்கா? அந்த ‘நமக்கு உதவுவோர்’ படத்தில்தான் இந்த முடிச்சு இருக்கிறது.

தமிழுக்கு ஒரு நுட்பம் உண்டு. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் சேரார். ‘நாம்’ என்றால் கேட்பவரும் சேர்வர். ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. எனவே ‘நமக்கு உதவுவோர்’ என்று ஆசிரியை வாசிக்கும்போது, எதிரே அமர்ந்துள்ள குழந்தைகள் அனைவரும் அந்த ‘நமக்கு’ என்பதனுள் அடங்கிவிடுகின்றனர். அக்குழந்தைகளுள் ஒருத்தி துப்புரவுப் பணியாளரின் மகள் என்று கொள்வோம். அவளும் ‘நமக்கு’ என்று உரக்கச் சொல்கிறாள். அவள் தந்தையோ துடைப்பத்தோடு படத்தில் நிற்கிறார். ஒரே சொல்லால் அவளை உள்ளே அழைத்து, அவள் தந்தையை வெளியே நிறுத்திவிட்டோம். மருத்துவரின் மகனுக்கும் இதே நிலைதானே என்று சிலர் கேட்கக் கூடும். மருத்துவரின் படத்தைக் கண்டு வகுப்பில் எவரும் நகைப்பதில்லை.

படத்தில் அவர் எப்போதும் புன்னகைக்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டமும், அது போதாமல் 2013இல் மற்றொரு சட்டமும் இந்நாட்டில் இயற்ற வேண்டியிருந்தது. அதனைக் குழந்தைக்குச் சொல்ல வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஆனால் படம் வரைபவரும் பாடம் நடத்துபவரும் அதனை மறந்துவிடலாகாது.

உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் 5ஆம் அத்தியாயம், உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவியாய் இருத்தலைக் கூறுகிறது. இன்று நம் ஜைனச் சின்னத்தின் கீழே பொறிக்கப்படுவது அச்சூத்திரமே. இதற்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரை வரைந்த பூஜ்யபாதர் காட்டும் எடுத்துக்காட்டுகள் நம் வகுப்பறைக்கு மிகப் பொருந்துவன. தலைவன் பணியாளுக்குப் பொருள் கொடுத்து உதவுகிறான். பணியாள் தலைவனுக்கு நன்மை செய்தும் தீமை வாராது காத்தும் உதவுகிறான். ஆசிரியர் மாணவனுக்கு நல்வழி காட்டி உதவுகிறார். மாணவன் அவ்வழி நடந்து ஆசிரியருக்கு உதவுகிறான். அம்பு இரு திசையிலும் பாய்கிறது.

தலைவன், பணியாள் என்னும் ஏற்றத்தாழ்வை அவ்வுரை களையவில்லையே என்று இக்காலத்தார் கேட்பது நியாயமே. களையவில்லை. ஆனால் ‘நீ அவருக்கு என்ன செய்தாய்?’ என்னும் கேள்விக்கு இடம் வைத்திருக்கிறது. அந்த இடமே நம் சுவர்ப் படத்தில் இல்லை. அக்கேள்வியைக் கேட்டுப் பழகிய குழந்தை, பிற்காலத்தில் அப்பணியாளரின் கூலியைப் பற்றியும் கேட்கக் கூடும். கேட்காமலும் போகலாம். விதை தூவுவோர் விளைச்சலுக்கு உறுதி கூற இயலாது.

இனி, விதிகள். ‘வகுப்பின் விதிகள்’ என்பது எல்லா நாட்டிலும் மழலையர் சமூகவியலின் முதற் பாடம். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியப் பயிற்சி நடத்திய மாண்டிசோரி அம்மையாரின் முறையில், ஒவ்வொரு கற்றற் பொருளும் வகுப்பில் ஒன்றே இருக்கும். ஒரு குழந்தை எடுத்திருந்தால் மற்றது காத்திருக்க வேண்டும். காத்திருத்தலைப் பற்றி எவரும் உபதேசம் செய்வதில்லை. பொருள் ஒன்றுதான் என்பதே உபதேசம். இன்று பெற்றோர் வற்புறுத்தலால் எல்லாவற்றிலும் முப்பது வாங்கி வைக்கும் பள்ளிகளைப் பார்க்கிறோம். காசும் போயிற்று, பாடமும் போயிற்று.

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வுப் பள்ளியில் விவியன் பேலி என்னும் கிண்டர்கார்டன் ஆசிரியை இருந்தார். 2019இல் மறைந்தார். தம் வகுப்பில் சில குழந்தைகள் எப்போதும் விளையாட்டுக்கு அழைக்கப்படாமல் ஒதுக்கப்படுவதைப் பல்லாண்டு கண்ட அவர், ‘நீ விளையாட்டில் சேரக் கூடாது என்று எவரும் எவரிடமும் சொல்லலாகாது’ என்று ஒரு விதி வகுத்தார். உடனே வகுத்துவிடவில்லை. குழந்தைகளோடு பன்முறை விவாதித்தார். மேல் வகுப்புகளுக்கும் சென்று கருத்துக் கேட்டார். பெரிய பிள்ளைகள் பலர், விதி நியாயமானதே, ஆனால் நடைமுறைக்கு ஒவ்வாது என்றனராம். இவ்வரலாற்றை அவர் 1992இல் நூலாக வெளியிட்டார்.

அன்பை விதியால் வரவழைக்க முடியுமா என்பது இங்கே எழும் தடை. பியாஜே 1932இல் வெளியிட்ட நூலில் இதற்குத் தொடர்பான ஒரு சோதனை உண்டு. அறியாமல் கதவைத் திறந்து 15 கோப்பைகளை உடைத்த சிறுவன் ஒருவன். திருட்டுத்தனமாகப் பழப்பாகு எடுக்கப் போய் ஒரே கோப்பையை உடைத்தவன் மற்றொருவன். யார் செய்தது பெரிய குற்றம் என்று கேட்டால், சிறு குழந்தைகள் 15 உடைத்தவனையே சுட்டினர். சற்று வளர்ந்தோர் எண்ணத்தைப் பார்த்தனர். நம் நூலோர் திரவிய ஹிம்சை, பாவ ஹிம்சை என்று பிரித்ததும் இதனையே நோக்கித்தான். எண்ணத்தில் மாற்றம் இல்லாமல் வெளிச்செயலை மட்டும் விதியால் கட்டுவதனால் யாது பயன்?

பயன் உண்டு என்பது நம் கருத்து. நம் விரதங்களின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை என எல்லாம் ‘ஆமை’யில் முடிகின்றன. விலகி நிற்றலே விரதம். எல்லாரிடமும் அன்பு செய் என்பது விரதமாக வைக்கப்படவில்லை. அன்பைக் கட்டளையிட இயலாது என்று அறிந்தே வைக்காது விட்டனர் போலும். துன்புறுத்தாதே என்பதைக் கட்டளையிடலாம். பேலி அம்மையாரின் விதியும் இத்தகையதே. அது ‘அவளை விரும்பு’ என்று சொல்லவில்லை. ‘அவளைத் தள்ளாதே’ என்று சொல்கிறது. தாம் அறியாமலே அவர் ஓர் அணுவிரதத்தை வகுத்துவிட்டார் என்று சொன்னால் மிகையாகாது.

நாம் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் பணியாற்றிய காலத்தில், சிரங்கு வந்து ஆறிய பின்னும் ஒரு சிறுமியின் கையை வட்ட விளையாட்டில் எவரும் பற்ற மாட்டார். கை பற்றாவிடில் விளையாட்டு இல்லை என்று விதித்தோம். முதல் வாரம் விரல் நுனியால் பற்றினர். பிறகு விரல் நுனி மறந்துபோயிற்று. அவர்கள் உள்ளத்தில் அன்பு சுரந்ததா என்று நாம் அளக்கவில்லை. விளையாட்டு நடந்தது.

அடுத்து, சுவரின் மூன்றாம் படம். ‘பசு பால் தரும். கோழி முட்டை தரும். ஆடு இறைச்சி தரும். தேனீ தேன் தரும். பட்டுப்புழு பட்டுத் தரும்.’ படிக்க இனிமையாகவே இருக்கிறது. ஆனால் அந்தத் ‘தரும்’ என்னும் வினைமுற்றைச் சற்றே நிறுத்திக் கேளுங்கள். ஆடு எப்போது தந்தது? கொடாததைக் கொள்ளுதலே களவு என்பது நம் சாத்திரம் தரும் இலக்கணம். கொள்ளுவதை எல்லாம் ‘தரும்’ என்று எழுதிவிட்டால் களவு என்னும் சொல்லுக்கே வேலை இல்லாது போகும். இது பாடநூல் எழுதியவரின் தீய எண்ணம் அன்று, பழக்கம். பழக்கம் இலக்கணத்துக்குள் புகுந்துகொண்டால் அதனைக் கண்டுபிடிப்பது கடினம்.

இவ்விடத்தில் நம்மவர் பெருமிதம் கொள்ள வேண்டா. மதுவும் ஊனும் தேனும் விலக்குதலைச் சமந்தபத்திராசாரியார் இல்லறத்தாரின் மூல குணங்களுள் வைத்தார். அவற்றை நாம் விலக்கியிருக்கலாம். ஆனால் பட்டு? கூட்டோடு புழுவைக் கொதிநீரில் இட்டு நூல் எடுக்கப்படுகிறது என்பதும், ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும் என்பதும் காஞ்சிபுரத்தை அடுத்து வாழும் நமக்குத் தெரியாதவை அல்ல. நம் இல்லத் திருமணங்களில் எத்தனை பேர் பருத்தியோடு வருகின்றனர்? பாலுக்கும் இதே கேள்வி உண்டு. ‘கன்றுக்கு எவ்வளவு விட்டார்கள்?’ என்று குழந்தை கேட்டால், பால்காரரைக் கேள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம்.

பொதுப் பள்ளியின் வகுப்பில் எல்லா வீட்டுக் குழந்தைகளும் இருப்பர். தமிழகச் சத்துணவில் முட்டை உண்டு; உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் உண்டு. ஒரே வரிசையில் முட்டைத் தட்டும் பழத் தட்டும் அமர்கின்றன. நம் வீட்டுக் குழந்தை பக்கத்துத் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கக் கற்றுக்கொண்டால், அது முட்டை உண்ணாமலே ஹிம்சை செய்யக் கற்றுக்கொண்டது என்றே பொருள். அநேகாந்தம் என்பது எல்லாம் சரி என்று தலையாட்டுவது அன்று. மறுபக்கத்தில் நிற்பவனுக்கும் ஒரு பார்வை உண்டு என ஒப்புவது. அந்தக் குழந்தைக்கு அம்முட்டை அன்றைய நாளின் நல்லுணவாக இருக்கக் கூடும்.

ஆகவே ஆசிரியை செய்யத் தக்கது என்ன? வினைச்சொல்லை மட்டும் மாற்றினால் போதும் என்று நாம் கருதுகிறோம். ‘கோழி முட்டை இடும். நாம் எடுத்துக்கொள்கிறோம்.’ ‘பசு கன்றுக்காகப் பால் சுரக்கும். நாமும் கறந்துகொள்கிறோம்.’ இவ்வாக்கியங்கள் உண்மை. எந்த வீட்டையும் பழிக்கவில்லை. எந்தச் சமயத்தாரும் இவற்றை மறுக்க இயலாது. உண்பவர் உண்ணட்டும், ஆயினும் எடுப்பதை எடுப்பது என்று சொல்லிப் பழகட்டும்.

இதுவும் மெல்லிய உள்ளத்துக்குச் சுமையாகாதா என்று ஒரு நண்பர் வினவினார். பிறருக்குத் துன்பம் விளைக்குமாயின் மெய்யையும் சொல்லலாகாது என்று இரத்தினகரண்டக சிராவகாசாரமும் அதனைத் தழுவிய நம் அருங்கலச்செப்பும் வாய்மை விரதத்துக்கு வரம்பு கட்டுகின்றன. எனவே அளவு வேண்டும். கேட்ட அளவுக்கு விடை கூறலாம், கேளாததைக் கொட்டலாகாது. கொலைக்களப் படத்தை ஐந்து வயதுக் குழந்தையின் முன் விரிப்பது அறமன்று. இதே காரணத்தால், நம் சமய வகுப்புகள் சிலவற்றில் நரகங்களின் படங்களைச் சிறாருக்குக் காட்டி அச்சுறுத்துவதும் நமக்கு உடன்பாடில்லை. செக்கில் இட்டு ஆட்டுவதைக் கண்டு இரவில் அலறும் குழந்தை அகிம்சையைக் கற்றதாக நாம் எண்ணவில்லை.

காட்டத் தக்க படம் நம்மிடமே இருக்கிறது. சமவசரணத்தில் பகவானைச் சுற்றிப் பன்னிரண்டு கோட்டங்கள். முனிவர், தேவர், மனிதர் ஆகியோரோடு விலங்குகளுக்கும் அங்கே ஓர் இடம். ‘பயன் தரும் விலங்குகள்’ என்று அல்ல, கேட்க வந்த உயிர்கள் என்று. அங்கும் தனித்தனி இருக்கைகள்தாமே, வரிசை முறை உண்டே என்று நுணுகிக் கேட்போர் கேட்கலாம்; கேட்பது நல்லதே. எனினும் சமூகம் என்னும் வட்டத்தை வரையும்போது மாட்டையும் மானையும் வட்டத்துக்குள் அமர்த்திய ஓவியம் மழலையர் கல்வி நூல்களில் நாம் காணாத ஒன்று. உலகம் வரை விரிந்த பால் ஹன்னாவின் வட்டமும் மனிதரோடு நின்றுவிட்டது. ஓரறிவு முதலாக உயிர்களை எண்ணும் முறை தொல்காப்பியத்து மரபியலிலும் இருக்க, நம் தமிழ்ப் பாடநூல்களும் ஏன் அங்கேயே நின்றன என்பது விளங்கவில்லை.

எம் ஊர் ஜினாலயத்தில் ஞாயிறுதோறும் சிறாருக்கு நடக்கும் வகுப்பில் இவ்வாண்டு ஒரு படம் தயாரிக்க முற்பட்டோம். பெரிய அட்டையில் மூன்று கட்டங்கள். முதற் கட்டத்தில் உயிர். இரண்டாவதில் அதனிடமிருந்து நாம் எடுப்பது. மூன்றாவதில் நாம் அதற்குக் கொடுப்பது. உரை சொல்லித் தருபவர்கள் தாய்மார்கள், நிரப்புபவர்கள் குழந்தைகள். தபால்காரர் வரிக்கு ‘மோர்’ என்றாள் ஒருத்தி. தூய்மைப் பணியாளர் வரிக்கு ‘குப்பையைப் பிரித்துப் போடுவோம், பெயர் சொல்லிக் கூப்பிடாமல் அண்ணா என்போம்’ என்றனர். மண்புழுவின் வரியில் சற்று நேரம் வாதம் நடந்தது. அங்குள்ளோர் பெரும்பாலும் உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஏர் ஓடும்போது மண்புழு மடிவதை நேரில் கண்டவர்கள். தொழிலால் நேரும் ஹிம்சை என்று நாம் நூல் வழி விளக்க முனைந்தபோது, ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே மடக்கி உழுதால் அது தின்னும் என்றான். அதுவே எழுதப்பட்டது. பசுவின் வரியில் ‘தண்ணீர், வைக்கோல், முதல் இரண்டு காம்பு கன்றுக்கு’ என்று எழுதினர். வீட்டில் அவ்வாறு நடக்கிறதா என்று பார்த்து வருவதாகவும் சொல்லிச் சென்றனர். பட்டுப்புழுவுக்கு ‘முசுக்கொட்டை இலை’ என்று ஒரு சிறுமி சொல்ல, ‘அது கொதிக்கப் போடுறதுக்கு முன்னாடிதானே’ என்று மற்றொருத்தி மறுத்துவிட்டாள். அந்தக் கட்டத்தைத் தாய்மாரும் நிரப்பவில்லை. அட்டை இப்போது வகுப்புச் சுவரில் தொங்குகிறது.